கத்தரிக்கோலில் தொடங்குங்கள்: ஓர் இசைக்குழுவின் ஆல்பத்துக்கு உறை செய்வது எப்படி

"அக்கா, பாட்டெல்லாம் முடிஞ்சிருச்சு. அடுத்த வாரத்துக்குள்ள ஒரு கவர் கிடைக்குமா?"

எனக்கு வரும் வேலைகளில் பாதி இந்த போன் அழைப்பில்தான் தொடங்கும். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதி, சண்டை போட்டு, திரும்பத் திரும்பப் பதிவு செய்த பாட்டுகள். அவற்றுக்கு உறை மட்டும் ஒரு வாரத்தில். நான் முடியாது என்று சொல்வதில்லை. வெளியீட்டுத் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்வேன். பாட்டின் முதல் நொடி காதில் விழுவதற்கு முன்பே உறை கண்ணில் பட்டுவிடுகிறது. பெரிய நிறுவனத்தின் விளம்பரப் பணம் பின்னால் இல்லாத ஒரு குழுவுக்குப் பல நேரம் அந்த உறை மட்டுமே விளம்பரம்.

ஆல்பம் என்ற சொல்லே உறையிலிருந்து வந்ததுதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டு வேண்டும். அவற்றைப் போட்டோ ஆல்பம் போல பைண்டு செய்த புத்தகத்தில் செருகி விற்றார்கள். அட்டை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், முதுகில் பெயர் மட்டும். 1940-இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்திருந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அந்த அட்டைக்குப் படம் வரையத் தொடங்கினார். 1948-இல் நெடுநேரம் ஓடும் வினைல் இசைத்தட்டான எல்பி வந்தபோது அந்தப் படத்துக்கு ஓரடிச் சதுரம் கிடைத்தது. 1982-இல் சிடி வந்ததும் அது 12 சென்டிமீட்டராகச் சுருங்கியது. இன்று போன் திரையில் கட்டைவிரல் நகத்தளவு. நாம் செய்யும் படம் இந்த மூன்று அளவிலும் நிற்க வேண்டும்.

நான் வேலை செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். வடிவமைப்பாளர் இல்லாமல் குழுவே செய்துகொண்டாலும் இதே வரிசையில் போகலாம்.

கேட்பது

கணினியைத் திறப்பதற்கு முன், மிக்ஸ் முடியாத பாட்டுகளாக இருந்தாலும் சரி, வாங்கிக் கேளுங்கள். பாடல் வரிகளைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு குழுவில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள். "என்ன படம் வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஆளுக்கொரு படத்தைச் சொல்வார்கள், அத்தனையும் வேறு குழுக்களின் உறைகளாக இருக்கும். நான் கேட்பவை வேறு: இந்த ஆல்பத்தை எந்த நேரத்தில் கேட்க வேண்டும்? எந்த அறையில்? இந்தப் பாட்டுகளில் ஒரு பொருளைக் கையால் தொடலாம் என்றால் எதைத் தொடுவீர்கள்?

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். அவர்களுடைய ஆல்பம் முழுக்க ஒரு வீட்டைக் காலி செய்வதைப் பற்றியது. பாடகியின் பாட்டி இருந்த வீடு. அந்தப் பெண் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சுவர்ல போட்டோ மாட்டியிருந்த இடம்க்கா. எடுத்ததுக்கப்புறம் அந்த இடம் மட்டும் வெளுப்பா இருந்துச்சு. நான் அதைத் தடவிப் பார்த்தேன்."

அங்கேயே உறை கிடைத்துவிட்டது. புகையும் வெயிலும் பட்டு மங்கிய மஞ்சள் சுவர், அதில் சட்டம் இருந்த இடத்தில் ஒரு வெளிர்ச் செவ்வகம், மேலே ஓர் ஆணி. போட்டோ இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வேலையையே உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு யோசனை உறையில் தொடங்கி சுவரொட்டி, சட்டை வரை எப்படிப் போகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

யோசனை நல்லதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். போனில் ஒருவரிடம் ஒரே வாக்கியத்தில் உறையைச் சொல்லிப் பாருங்கள். அவர் மனதில் படம் விழுந்தால் யோசனை சரி. "ஒரு மாதிரி கனவு போல, கொஞ்சம் நீலம், நடுவுல ஒரு உருவம்" என்று இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் தேடுங்கள்.

டம்மி

அடுத்து, வெறும் அட்டையில் ஒரு மாதிரி உறை செய்ய வேண்டும், அதுதான் டம்மி: கத்தரிக்கோல், பழைய அட்டை, பசை. எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நான் ஒருபோதும் தாண்டுவதில்லை.

சிடியா, கேசட்டா, வினைலா என்று முடிவானதும் அதன் உண்மையான அளவில் வெறும் அட்டையை வெட்டி மடித்து ஒட்டுங்கள். உள்ளே ஒரு பழைய தட்டை வையுங்கள். பென்சிலால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள். பிறகு வாங்கியவர் திறப்பது போலத் திறந்து பாருங்கள். முதலில் எது தெரிகிறது? எந்தக் கை எங்கே பிடிக்கிறது? கட்டைவிரல் எதை மறைக்கிறது? தட்டை எடுத்தால் அடியில் என்ன இருக்கிறது?

அந்த வீட்டு ஆல்பத்துக்கு ஒரே மடிப்புள்ள டிஜிபேக் (அட்டையால் ஆன சிடி உறை) எடுத்திருந்தோம். டம்மியை மடித்து வைத்துக்கொண்டு சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தபோதுதான், தட்டைத் தாங்கும் ட்ரே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் என்பதும், தட்டை எடுத்தால் அடியிலிருக்கும் அட்டை முழுசாகத் தெரியும் என்பதும் கவனத்துக்கு வந்தது. தட்டின் மேல் பாட்டியின் பழைய போட்டோச் சட்டம் ஒன்றை அச்சிட்டோம். தட்டை எடுத்தால் அடியில் வெளிர்ச் செவ்வகமும் ஆணியும். பாட்டைக் கேட்க வேண்டுமானால் கேட்பவரே போட்டோவைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். திரையில் பக்கங்களைத் தட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தோன்றியிருக்காது.

வரிகள் புத்தகம் போடுவதாக இருந்தால் அதற்கும் டம்மி செய்யுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்கும்: 8, 12, 16. பத்துப் பக்கம் எழுதிவிட்டு அச்சகத்தில் போய் நிற்காதீர்கள். தாளை மடித்து எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பார்த்தால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது புரியும். அது புரிந்தால் எந்தப் படம் எந்த இரண்டு பக்கத்தில் உடையாமல் ஓடும் என்பதும் தானாகப் புரியும்.

அளவுகள்

அச்சகத்திடம் முதல் நாளே டெம்ப்ளேட், அதாவது வெட்டும் மடிப்பும் குறித்த மாதிரிக் கோப்பு, கேட்டு வாங்குங்கள். எல்லா அச்சகமும் ஒரே அளவில் வெட்டுவதில்லை. டிஜிபேக்கில் மில்லிமீட்டர் கணக்கில் மாறும். இருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளத் தோராயமான அளவுகள் உதவும். சிடி பிளாஸ்டிக் பெட்டியின் முன் தாள் 120 மில்லிமீட்டர் சதுரம். பின் தாள் 151க்கு 118, அதில் இரண்டு பக்கமும் மடிந்து நிற்கும் முதுகு ஒவ்வொன்றும் 6.5 மில்லிமீட்டர். எல்பி உறை சுமார் 315 மில்லிமீட்டர் சதுரம், ஒற்றைத் தட்டுக்கு முதுகு 3 மில்லிமீட்டர். கேசட் தாளின் முகப்பு சுமார் 65க்கு 101, முதுகு 12 அல்லது 13.

எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுங்கள், அதாவது படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே ஓட வேண்டும். வெட்டும் கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெள்ளை விளிம்பு தெரியாது. உள்ளேயும் அதே போல 4, 5 மில்லிமீட்டருக்குள் எழுத்து எதுவும் வரக்கூடாது.

பிக்சல் கணக்கை இங்கேயே முடித்துவிடுவோம். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு 3000க்கு 3000 பிக்சல் சதுரம் கொடுத்தால் போதும் என்பதால் பலர் உறையையே அந்த அளவில் வரைந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வினைல் போடலாம் என்று ஆசை வரும். 3000 பிக்சலை எல்பி உறையில் விரித்தால் அங்குலத்துக்கு 242 புள்ளிதான் கிடைக்கும். 300 வேண்டுமென்றால் ப்ளீடோடு சேர்த்து 3,800 பிக்சல் தேவை. நான் எப்போதும் 6000 பிக்சலில் தொடங்குவேன். சிறிதாக்குவது ஒரு நொடி வேலை, பெரிதாக்குவது நடக்காத வேலை.

முதுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அலமாரியில் வாழ்நாள் முழுக்க அந்த 6 மில்லிமீட்டர் மட்டும்தான் தெரியப்போகிறது. குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், இரண்டு மட்டும். பெட்டியை முகப்பு மேலே பார்க்கும்படி மேசையில் படுக்க வைத்தால் முதுகிலுள்ள எழுத்து நேராகத் தெரிய வேண்டும். டம்மியில் எழுதிப் பார்த்துவிட்டால் தலைகீழாகப் போகாது.

தாளும் மையும்

இனி எங்களுக்கு நடந்த ஒரு கஷ்டத்தைச் சொல்கிறேன்.

வெளிர்ச் செவ்வகத்தை நான் மிக மென்மையாக வைத்திருந்தேன். சுற்றியுள்ள சுவரைவிட ஐந்து சதவீதம்தான் வெளுப்பு. திரையில் அது அவ்வளவு அழகாக இருந்தது. முதலில் வெறும் சுவராகத் தெரியும், கொஞ்ச நேரம் பார்த்தால் செவ்வகம் மெல்ல எழுந்து வரும். வழவழப்பில்லாத, சொரசொரப்பான தாளைத் தேர்ந்தெடுத்திருந்தோம், சுவரைத் தொடுவது போல இருக்கட்டும் என்று. அச்சகத்திலிருந்து ப்ரூஃப், அதாவது சரிபார்ப்பதற்கான மாதிரி அச்சு, வந்தது. பிரித்துப் பார்த்தால் மஞ்சள் அட்டை. அவ்வளவுதான். செவ்வகத்தைக் காணவில்லை. ஆணி மட்டும் தனியாக நின்றது.

காரணம் எளிது. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும். ஒவ்வொரு மைப்புள்ளியும் கொஞ்சம் பரவிப் பெரிதாகும். பக்கத்துப் பக்கத்துச் சாயல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஐந்து சதவீத வித்தியாசம் அந்தப் பரவலில் கரைந்து போனது. திரை தன் வெளிச்சத்தை வெளியே விடுகிறது. தாளோ அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. அந்த மென்மை தாளில் பிழைக்காது.

வித்தியாசத்தை 15 சதவீதமாக உயர்த்தினேன். அது மட்டும் போதவில்லை. பாடகியின் வீட்டில் எடுத்த போட்டோக்களை மறுபடி உற்றுப் பார்த்தேன். சட்டத்தின் மேல் விளிம்பில் வருடக்கணக்காகத் தூசி உட்கார்ந்திருந்த இடத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்று இருந்தது. கீழ் விளிம்பில் அது இல்லை. அந்தக் கோட்டை வரைந்து சேர்த்ததும் செவ்வகம் உயிரோடு எழுந்தது. இரண்டாவது ப்ரூஃபை அந்தப் பெண்ணிடம் கொடுத்தபோது அவள் விரல் நேராக அந்தக் கோட்டுக்குத்தான் போனது.

அதனால் சொல்கிறேன்: ப்ரூஃபை உங்கள் ஆல்பம் அச்சாகப்போகும் அதே தாளில் கேளுங்கள். பிடிஎஃப் ப்ரூஃப் எழுத்துப்பிழை பார்க்க மட்டும்தான் உதவும். ப்ரூஃபை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, மஞ்சள் விளக்கில் ஒரு முறை பாருங்கள். ஒரு நாள் இரவு மேசையில் விட்டுவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள்.

நிறம் பற்றி மூன்று விஷயம். திரையில் மின்னும் நீலமும் பளீர்ப் பச்சையும் நான்கு வண்ண அச்சில் வராது. கோப்பைத் தொடக்கத்திலேயே அந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே முன்னோட்டத்தில் வைத்துப் பார்த்தால் கடைசியில் ஏமாற்றம் இல்லை. கட்டாயம் அந்த நிறம்தான் வேண்டும் என்றால் பான்டோன் போன்ற தனி மை போட வேண்டும், செலவு கூடும். சிறிய எழுத்துகளுக்குக் கருப்பு மை மட்டும் நூறு சதவீதம் வையுங்கள். நான்கு மையும் சேர்த்த கருப்பில் சிறிய எழுத்து அடித்தால், பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் அடிக்கும். பெரிய கருப்புப் பரப்புக்கு மட்டும் கருப்போடு கொஞ்சம் நீலம் சேர்த்தால் ஆழம் கிடைக்கும்.

கருப்பு அட்டை கேட்டு நிறையக் குழுக்கள் வருவார்கள். மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், மேட் லேமினேஷனில் விரல் ரேகை பதியும் என்று சொல்லிவிடுவேன். மடிப்புக்கு முன் கோடு அழுத்திவிடச் சொன்னால் வெடிப்பு குறையும்.

எழுத்து

குழுவின் பெயரோ பாட்டுகளோ தமிழில் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நல்ல உறைகள் கெட்டுப்போவதை நான் அதிகம் பார்த்திருப்பது இங்கேதான்.

முதலில் மென்பொருள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். "கொடி" என்று தட்டினால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத அச்சக ஊழியருக்கு அது தவறென்றே தெரியாது. அவர் கையில் கோப்பு போவதற்கு முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய கோப்பை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்து இடைவெளி. எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுப் பரப்புவது ஆங்கிலத் தலைப்புகளில் அழகாக இருக்கும் என்பதற்காகத் தமிழிலும் செய்கிறார்கள். 'கா'வின் கால் க-வை விட்டுத் தள்ளிப் போய் எழுத்தே இரண்டாகிவிடுகிறது. செய்துதான் ஆக வேண்டுமென்றால் கையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துங்கள். வரிகளுக்கு நடுவேயும் தமிழுக்குக் கூடுதல் இடம் வேண்டும், மேலே இகர ஈகாரக் குறிகளும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருக்கின்றன. 6 பாயின்ட் எழுத்தளவில் ஆங்கிலம் படிக்க முடியும், தமிழில் 'ணூ'வும் 'ஞை'யும் அடைத்துக்கொண்டு மைக்கறை போலாகிவிடும். நான் 8-க்குக் கீழே போவதில்லை.

எழுத்துருக்களில் முக்த மலர், கட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, அச்சுக்கும் சட்டைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேறு எழுத்துரு என்றால் உரிமத்தைப் படியுங்கள். சிலவற்றில் கணினியில் பயன்படுத்த அனுமதி இருக்கும், விற்பனைப் பொருளில் அச்சிட இருக்காது.

ஆனால் முகப்புத் தலைப்புக்கு என் முதல் விருப்பம் கையெழுத்துதான். அந்த வீட்டு ஆல்பத்துக்குப் பாட்டியின் முகவரி நோட்டு ஒன்று கிடைத்தது. அந்த அம்மா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதற்குப் பதிலாக மேலே சின்ன வட்டம் போடுவார். அவசரமாக எழுதிய இடங்களில் அந்த வட்டம் மூடாமல் பிறை போல நிற்கும். தலைப்புக்குத் தேவையான எழுத்துகளை அந்த நோட்டிலிருந்தே ஒவ்வொன்றாகத் தேடி ஸ்கேன் செய்து சேர்த்தேன். ஓர் எழுத்து மட்டும் நோட்டில் எங்குமே இல்லை. அதைப் பாடகியையே எழுதச் சொன்னேன். பதினைந்து முறை எழுதினாள். அவள் எழுதிய அந்த ஓர் எழுத்து மற்றவற்றிலிருந்து கொஞ்சம் வேறாகத் தெரியும், அதை அப்படியே விட்டுவிட்டோம். நோட்டைப் பயன்படுத்த அவள் அம்மாவிடமும் மாமாவிடமும் முன்பே கேட்டுவிட்டோம். குடும்பப் போட்டோ, கையெழுத்து எதுவானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். போட்டோ எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பின்னட்டை

பாட்டுகளின் வரிசையும் நேரமும் மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்பு முடிந்த பிறகுதான் உறுதியாகும். அதுவரை பின்னட்டையை முடிக்காதீர்கள். பங்களித்த ஒவ்வொருவரிடமும் அவர் பெயரை அவரையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முதலெழுத்து எது, ஒற்று எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரே ஒரு பாட்டில் வயலின் வாசித்துவிட்டுப் போனவர் அந்தப் பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டப்போகிறார். பதிப்புரிமைக்கான © குறியும், ஒலிப்பதிவு உரிமைக்கான ℗ குறியும், வருடமும், உரிமையாளர் பெயரும் கட்டாயம். கடையில் விற்பதாக இருந்தால் 13 இலக்க பார்கோடு. வெளிர்ப் பின்னணியில் கருங்கோடுகளாக இருக்கட்டும். சிவப்புக் கோடு போட்டால் பல ஸ்கேனர்களின் சிவப்பு ஒளிக்கு அது தெரியவே தெரியாது.

போன் திரை

முகப்பை 64 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, போனில் மற்ற ஆல்பங்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். எங்கள் ஆணி அந்த அளவில் காணாமல் போனது. ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் அதே சுவரை இன்னும் பக்கத்தில் போய் வெட்டி எடுத்தோம், ஆணி பெரிதானது, தலைப்பை எடுத்துவிட்டோம். தளத்தில் படத்துக்குக் கீழேயே பெயர் வந்துவிடுகிறது. அச்சு உறையும் திரை உறையும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரே குடும்பமாகத் தெரிந்தால் போதும்.

திரைக்கான கோப்பு ஆர்ஜிபியில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் நிறமுறையில், இருக்க வேண்டும். அதில் இணைய முகவரி, விலை, சமூக ஊடகப் பெயர், "இப்போது வெளியானது" போன்ற வாசகம் எதுவும் கூடாது, தளங்கள் திருப்பி அனுப்பிவிடும். பெயர் போட்டால் பதிவேற்றும்போது கொடுத்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

விளம்பரம்

புதிதாக யோசிக்காதீர்கள். உறையின் யோசனையையே எடுத்துப் பிரித்துக் கொடுங்கள்.

ஆல்பத்துக்கு முன் மூன்று பாட்டுகளைத் தனித்தனியாக வெளியிட்டோம். மூன்றுக்கும் அதே சுவர், வேறு வேறு வடிவத்தில் வெளிர் இடம்: ஒன்றில் வட்டம், கடிகாரம் இருந்த இடம், ஒன்றில் நீளச் செவ்வகம், நாட்காட்டி, மூன்றாவதில் முட்டை வடிவம், கண்ணாடி. ஆல்பம் வந்தபோது சுவரைக் கேட்பவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். சமூக ஊடகத்தில் கேட்பவர்களிடம் அவர்கள் வீட்டுச் சுவரின் வெளிர் இடங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். வந்த படங்களோடு கதைகளும் வந்தன. சிலவற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

சுவரொட்டியில் மூன்று விஷயத்துக்குத்தான் இடம்: யார், எப்போது, எங்கே. தேதியோடு கிழமையும் போடுங்கள். படிப்பவருக்கும் உதவும், தேதி தவறாக இருந்தால் உங்களுக்கும் அங்கேயே தெரிந்துவிடும். ஏ3 தாளில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸும் எடுத்துப் பாருங்கள், நண்பர்கள் அப்படித்தான் பெருக்குவார்கள். ஒட்டுவதற்கு முன் சுவருக்குச் சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

நேரமும் ஆசையும் இருந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது வலைத்திரை வழியாக மையை அழுத்தி அச்சிடுவது, செய்யுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை என்பதால் நிறம் குறைய வேலையும் செலவும் குறையும். நாங்கள் காவியும் பழுப்பும் மட்டும் எடுத்தோம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் மூன்றாவது நிறம் தானாகக் கிடைத்தது, தூசிக் கோட்டுக்கு அதுவே சரியாக இருந்தது. தாளுக்குத் தாள் பொருத்தம் ஒரு மில்லிமீட்டராவது நகரும். நகர்ந்தாலும் கெடாதபடி வடிவமைத்துவிட்டால் ஒவ்வொரு பிரதியும் தனியாக நிற்கும்.

சட்டைக்குக் குழுவின் பெயரைப் பெரிதாகப் போடுவதற்கு நான் எதிரி. விசிறி அல்லாத ஒருவரும் போட்டுக்கொள்ள விரும்பும் சட்டையே ஊரெல்லாம் சுற்றும். பழுப்புத் துணியில் நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் வெளிர்ந்த செவ்வகம், மேலே ஆணி. பெயர் கழுத்துப்பட்டைக்கு உள்ளே. யாராவது "இது என்ன?" என்று கேட்பார்கள், போட்டிருப்பவர் ஆல்பத்தைச் சொல்வார். அடர்நிறத் துணியில் வெளிர்நிறம் அடிக்கும்போது அடியில் வெள்ளை ஒரு பூச்சு வேண்டும், அதை முதலிலேயே செலவில் சேருங்கள்.

க்யூஆர் குறியைச் சுவரொட்டியில் போட்டால் அளவு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டு, வெளிர்ப் பின்னணியில் கருப்பாக. தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்கள் என்றால் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். அது போகும் முகவரி உங்கள் கையில் இருக்க வேண்டும், நாளைக்கு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட வசதியாக.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கோப்புறை தயாராக வையுங்கள்: முகப்புப் படம், குழுவின் போட்டோ படுக்கை வாட்டில் ஒன்று, நிற்கும் வாட்டில் ஒன்று, போட்டோ எடுத்தவர் பெயர், 50 சொல்லில் ஓர் அறிமுகம், 150 சொல்லில் ஓர் அறிமுகம், பின்னணி இல்லாத லோகோ. இரவு பதினொரு மணிக்குப் பக்கம் முடிக்கும் உதவி ஆசிரியர் யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி வந்த நாள்

அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பிரியுங்கள். முதுகு நேராக மடிந்திருக்கிறதா, புத்தகத்தின் பக்க வரிசை சரியா, தட்டு அந்த உறைக்கு உரியதுதானா, நிறம் கையெழுத்திட்ட ப்ரூஃபோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த ப்ரூஃப் தாளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். குறை சொல்ல வேண்டி வந்தால் அதுதான் சாட்சி. தட்டைப் போட்டு முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேளுங்கள்.

எங்கள் பெட்டிகள் ஒத்திகை அறைக்கு வந்தன. ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பையன் முதலில் தன் பெயரைத் தேடினான். பாடகி எதையும் படிக்கவில்லை. உறையைத் திறந்து, நடுவில் விரல் வைத்து அழுத்தித் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடியிலிருந்த வெளிர் இடத்தைத் தடவிப் பார்த்தாள். நான் அலமாரிக்குப் பத்துப் பிரதிகளை எண்ணி எடுத்து வைத்தேன், இரண்டாவது அச்சுக்கு நிறம் பார்க்க.